ஸ்டீரியோ அகலம்: மிக்ஸிங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைடனர், இமேஜர், மிட்/சைடு ஈக்யூ, மைக்ரோ பிட்ச் என்று பல பெயர்களில் வரும் அகலக் கருவிகளைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் இங்கே. பேன் செய்யவும் ஈக்யூ போடவும் தெரிந்திருந்தால் போதும்.

அகலம் என்று எதைச் சொல்கிறோம்?

இடது சானலுக்கும் வலது சானலுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான். இரண்டிலும் ஒரே சிக்னல் ஒரே அளவில் வந்தால் அது நடுவில் நிற்கும். ஃபைல் ஸ்டீரியோவாக இருந்தாலும் கேட்பது மோனோதான். வேறுபாடு எப்படி வரும்? ஒரு பக்கம் சத்தம் கூடலாம், ஒரு பக்கம் சில மில்லி விநாடி தாமதமாகலாம், அல்லது இரண்டு பக்கமும் தனித்தனியாக வாசித்ததாக இருக்கலாம். எந்த பிளக்இன் வாங்கினாலும் அது இவற்றில் ஒன்றைப் பெரிதாக்குகிறது, அல்லது ஒன்றைப் போலச் செய்துகாட்டுகிறது.

நடுவில் உறுதியாக ஏதாவது நின்றால்தான் ஓரம் ஓரமாகத் தெரியும். எல்லா டிராக்கையும் விரித்துவிட்டால் எதுவுமே அகலமாகக் கேட்காது. பாட்டு முழுவதும் இடமில்லாமல் மிதக்கும். எதை விரிப்பது என்று முடிவெடுப்பதை விட எதைக் குறுக்கி நடுவில் வைப்பது என்று முடிவெடுப்பதுதான் பல மிக்ஸ்களைக் காப்பாற்றுகிறது.

விட்த் நாபைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலான கருவிகளில் கணக்கு இவ்வளவுதான்:

மிட் = (இடது + வலது) ÷ 2
சைடு = (இடது − வலது) ÷ 2

நாப் சைடின் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். பிறகு இடது = மிட் + சைடு, வலது = மிட் − சைடு என்று பழையபடி மாற்றிவிடும். இது புதிய வித்தை ஒன்றும் இல்லை. ஆலன் புளூம்லைன் 1931இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இந்தக் கூட்டல் கழித்தல் வந்துவிட்டது.

முழுக்க இடது பக்கம் பேன் செய்த ஒரு கிட்டாரை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடது 1, வலது 0. எனவே மிட் 0.5, சைடு 0.5. சைடை 6 டெசிபல் ஏற்றினால் அது 1 ஆகிறது. இப்போது இடது 0.5 + 1 = 1.5. வலது 0.5 − 1 = −0.5. இடது சானல் சுமார் 3.5 டெசிபல் உயர்ந்துவிட்டது. ஹெட்ரூம் (உச்ச அளவுக்குக் கீழே மிச்சமிருக்கும் இடம்) இல்லையென்றால் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்பட்டு ஒலி உடையும். காலியாக இருந்த வலது சானலில் அதே கிட்டார் போலாரிட்டி தலைகீழாகி (அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் மாறி) வந்து உட்கார்ந்துவிட்டது. ஸ்பீக்கரையும் தாண்டி வெளியிலிருந்து ஒலி வருவது போன்ற உணர்வைத் தருவது அந்தத் தலைகீழ்ப் பிரதிதான். அளவு மீறினால் காதுக்குள் அழுத்துவது போல இருப்பதற்கும் அதுவே காரணம். ஓரத்தில் பேன் செய்த டிராக்குக்கு வைடனர் வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

மோனோ டிராக்கில் வைடனர் போட்டும் எதுவுமே மாறவில்லையே?

மாறாது. மோனோ டிராக்கில் இடதும் வலதும் ஒன்றே என்பதால் சைடு பூஜ்யம். பூஜ்யத்தை எத்தனை மடங்காக்கினாலும் பூஜ்யம்தான். முதலில் ஒரு வேறுபாட்டை உருவாக்க வேண்டும். டிலே, பிட்ச், கோரஸ், ரிவெர்ப், இல்லையென்றால் இரண்டாவது டேக் (மறுமுறை வாசித்த பதிவு). மோனோ சிக்னலைக்கூட விரிக்கும் பிளக்இன்கள் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் உள்ளே ஒளித்து வைத்திருக்கின்றன. எது என்று தெரிந்துகொண்டால் மோனோவில் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

ஒரு பக்கத்தை மட்டும் 15 மில்லி விநாடி தள்ளி வைத்தால் அருமையாக விரிகிறது. இதில் என்ன தவறு?

இதற்கு ஹாஸ் முறை என்று பெயர். ஹெல்முட் ஹாஸ் 1949இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. சுமார் 30 மில்லி விநாடிக்குள் வரும் பிரதியைக் காது தனி எதிரொலியாகப் பிரிக்காது. முதலில் வந்த பக்கத்திலிருந்தே மொத்த ஒலியும் வருவதாக எடுத்துக்கொள்ளும். இதில் முதல் சிக்கல், ஒலி முந்தி வரும் பக்கமாகச் சாயும். தாமதமான பக்கத்தைச் சில டெசிபல் ஏற்றினால் ஓரளவு நேராகும். டிரம்ஸ் போன்ற கூர்மையான ஒலிகளில் 10 மில்லி விநாடியைத் தாண்டினாலே இரட்டை அடி கேட்கத் தொடங்கிவிடும். இழுத்து ஒலிக்கும் பேடுகளுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு.

பெரிய சிக்கல் மோனோவில். இரண்டு பக்கமும் சேரும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். முதல் பள்ளம் எங்கே விழும் என்பதைத் தாமதத்தின் இரு மடங்கால் ஒரு விநாடியை வகுத்துக் கண்டுபிடிக்கலாம். 10 மில்லி விநாடி என்றால் 50 ஹெர்ட்ஸில் தொடங்கி 150, 250, 350 என்று 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம். 1 மில்லி விநாடி என்றால் 500, 1500, 2500. சீப்புப் பல் போல வரிசையாக விழுவதால்தான் கோம்ப் ஃபில்டர் என்கிறார்கள். குழாய்க்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒலி வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருந்தால் பள்ளம் அடிமட்டம் வரை போகும். தாமதமான பிரதியை 6 டெசிபல் குறைத்தால் பள்ளம் 6 டெசிபலோடு நின்றுவிடும். அகலமும் கொஞ்சம் குறையும். பரவாயில்லை என்பதே எங்கள் கருத்து. பிரதிக்கு 300 ஹெர்ட்ஸ் அளவில் ஹை பாஸ் (அதற்குக் கீழே உள்ளதை வெட்டும் ஃபில்டர்) போட்டால் அடிப்பகுதியும் கெடாமல் தப்பும்.

மோனோவில் கெடாத டிலே வழி ஏதாவது உண்டா?

உண்டு. இதற்கு எந்த பிளக்இன்னும் வாங்க வேண்டாம். தாமதமான பிரதியைச் சைடில் மட்டும் வைப்பதுதான் விஷயம். 1950களில் டேனிஷ் வானொலியில் இருந்த ஹோல்கர் லாரிட்சன் செய்துகாட்டிய முறை இது.

1. மோனோ டிராக்கை நடுவிலேயே விடுங்கள்.
2. அதிலிருந்து ஒரு ஸ்டீரியோ ஆக்ஸுக்கு (எஃபெக்டுக்கான தனிச் சானலுக்கு) சென்ட் எடுங்கள், அதாவது சிக்னலின் ஒரு பிரதியை அனுப்புங்கள். ஆக்ஸில் 12 முதல் 20 மில்லி விநாடி டிலே, ஃபீட்பேக் பூஜ்யம், முழுக்க வெட் (மூல ஒலி கலக்காமல் டிலே மட்டும்).
3. டிலேக்குப் பிறகு வலது சானலின் போலாரிட்டியை மட்டும் தலைகீழாக்குங்கள்.
4. டிலேக்கு முன் 250 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் போடுங்கள்.
5. ஆக்ஸ் ஃபேடரைக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள். மூலத்தை விட 8 முதல் 12 டெசிபல் குறைவாக இருக்கும்போதே வித்தியாசம் தெரியும்.

மோனோ பட்டனை அழுத்தினால் டிலே தானாகவே அழிந்து, மூல டிராக் அப்படியே மிஞ்சும். ஸ்டீரியோவில் இடது பக்கம் பள்ளம் விழும் இடத்தில் வலது பக்கம் மேடு இருக்கும். அந்த மாறுபாட்டைத்தான் காது அகலமாக எடுத்துக்கொள்கிறது. கொஞ்சம் உலோகத் தன்மை வரலாம். அப்போது டிலே நேரத்தை ஒன்றிரண்டு மில்லி விநாடி மாற்றிப் பாருங்கள். இந்த ஆக்ஸிலிருந்து ரிவெர்புக்கு சென்ட் எடுக்காதீர்கள். ரிவெர்ப் உள்ளே மோனோவாகச் சேர்த்தால் அங்கே ஒன்றும் வராது.

கோரிலேஷன் மீட்டரில் எந்த எண் சரி?

இடதும் வலதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் மீட்டர் இது. +1 என்றால் இரண்டு சானலும் ஒன்றே. 0 என்றால் தொடர்பே இல்லை. −1 என்றால் ஒன்று மற்றொன்றின் தலைகீழ். முழு மிக்ஸில் ஊசி பெரும்பாலும் +0.3க்கும் +0.8க்கும் இடையில் உலவினால் கவலைப்பட ஏதுமில்லை. எப்போதாவது ஒரு நொடி கீழே போய் வந்தாலும் பெரிய விஷயமில்லை. நிலையாக மைனஸில் நின்றால் அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்: அந்த நேரத்தில் சைடின் ஆற்றல் மிட்டின் ஆற்றலை மிஞ்சிவிட்டது. இடதையும் வலதையும் பெருக்கினால் மிட்டின் வர்க்கம் கழித்தல் சைடின் வர்க்கம் வரும் என்பதால் இது ஊகமில்லை, கணக்கு.

ஒன்றை மறக்க வேண்டாம். மாஸ்டரில் உள்ள மீட்டர் சத்தமான டிராக்கைத்தான் காட்டும். கிக்கும் குரலும் நடுவில் வலுவாக இருந்தால், பின்னால் ஒரு சிந்த் −0.8இல் நின்றாலும் மாஸ்டர் மீட்டர் நல்ல பிள்ளையாக +0.6 காட்டும். எனவே சந்தேகப்படும் டிராக்கில் தனியாக மீட்டரைப் போடுங்கள். வெக்டர்ஸ்கோப் (இடது, வலது சிக்னலைப் படமாக வரையும் மீட்டர்) வைத்திருப்பவர்களுக்கு: செங்குத்துக் கோடு மோனோ, கிடைக்கோடு முழுத் தலைகீழ், மேல்நோக்கிய பருத்த பந்து ஆரோக்கியம்.

மோனோவில் ஒரு சிந்த் காணாமலே போய்விடுகிறது. எங்கே தேடுவது?

அந்த டிராக்கை மட்டும் சோலோ செய்து, மாஸ்டரில் மோனோ பட்டனை அழுத்துங்கள். பிறகு பிளக்இன்களை மேலிருந்து ஒவ்வொன்றாக பைபாஸ் செய்யுங்கள் (தற்காலிகமாக அணையுங்கள்). எதை அணைத்ததும் ஒலி திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் அது பிரீசெட்டோடு வந்த கோரஸோ, 200 சதவீதத்தில் மறந்துபோன வைடனரோதான். எல்லாம் அணைத்தும் திரும்பவில்லை என்றால் சவுண்டே அப்படி: இடது, வலதில் ஒன்றை முழுவதும் அணைத்துவிட்டு மற்றதை நடுவில் வைத்து மீண்டும் தொடங்குங்கள்.

பாட்டு முழுவதிலும் குரல் போய் ரிவெர்ப் மட்டும் கேட்கிறது என்றால் மிக்ஸைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். ஃபோனின் ஸ்டீரியோ ஹெட்ஃபோன் வெளியீட்டை மூன்று பட்டை ஜாக் வழியாக மிக்சரின் ஒரு பேலன்ஸ்டு மோனோ இன்புட்டில் செருகினால், மிக்சர் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். மிஞ்சுவது சைடு மட்டும்.

மோனோவில் இன்னும் யார் கேட்கிறார்கள்?

ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர், மோனோவாக வயர் செய்த அரங்க ஒலிபெருக்கிகள், கூரை ஸ்பீக்கர்கள், பழைய ஃபோன்கள். ஸ்டீரியோ ஸ்பீக்கரே இருந்தாலும் பக்கத்து அறையில் இருப்பவருக்கு அது கிட்டத்தட்ட மோனோதான்.

கிக்கும் பேஸும் கட்டாயம் மோனோவாக இருக்க வேண்டுமா?

சட்டம் இல்லை, ஆனால் விலகுவதற்குக் காரணம் வேண்டும். கீழ் அதிர்வெண்களில் அலையின் நீளம் மீட்டர் கணக்கில் இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு சுமார் 5.7 மீட்டர். ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் சரியாகச் சொல்ல முடியாத பகுதி அது. அங்கே அகலம் கொடுத்தால் கேட்பவருக்குக் கிடைப்பது அகலமல்ல, பலவீனமான பேஸ். மோனோ சப்வூஃபரில் போய்ச் சேரும்போது இன்னும் மெலியும்.

சைடில் 100 முதல் 150 ஹெர்ட்ஸ் வரை ஹை பாஸ் போட்டால் போதும். சாய்வு ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்று மென்மையாக இருக்கட்டும். மிகச் செங்குத்தான ஃபில்டர் சைடின் ஃபேஸை மிட்டிலிருந்து விலக்கி, வெட்டும் இடத்துக்கு அருகே ஸ்டீரியோ படத்தை (ஒலிகள் நிற்கும் இடங்களை) குழப்பும். 300 ஹெர்ட்ஸ் வரை வெட்டுபவர்களும் உண்டு. கிட்டார், பியானோவின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. அதையும் நடுவில் குவித்தால் மிக்ஸ் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் கேட்கும்.

வினைல் தட்டுக்குப் போகும் மிக்ஸ் என்றால் இது கட்டாயமாகிவிடும். தட்டின் பள்ளத்தில் மிட் பக்கவாட்டு அசைவாகவும் சைடு மேல்கீழ் அசைவாகவும் பதிகிறது. கீழ் அதிர்வெண்ணில் சைடு அதிகமானால் பள்ளம் ஆழம் குறைந்து ஊசி துள்ளும்.

பேஸ் சிந்த் அகலமாகக் கேட்டே ஆக வேண்டும் என்றால் டிராக்கை இரண்டாக்குங்கள்: ஒன்று 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே மோனோ, மற்றொன்று மேலே, கோரஸோ டிஸ்டார்ஷனோ மேலே உள்ளதில் மட்டும்.

ஒரே கிட்டார் டேக்கைக் காப்பி செய்து இரண்டு பக்கமும் பேன் செய்தேன். விரியவில்லையே?

காப்பி என்பதால் இரண்டும் ஒன்றே. விளைவு நடுவில் கொஞ்சம் சத்தமான மோனோ. இன்னொரு முறை வாசித்துப் பதிவு செய்யுங்கள். மனிதர் வாசிப்பில் நேரம், சுருதி, அழுத்தம் எல்லாம் நொடிக்கு நொடி மாறுவதால் எந்த வைடனரும் தர முடியாத வேறுபாடு இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டாவது டேக்கில் வேறு கிட்டார், வேறு பிக்கப், அல்லது காப்போ போட்டு வேறு இடத்தில் அதே கோர்டு என்றால் இன்னும் நல்லது. மோனோவில் இந்த ஜோடி நடுவில் இருப்பவற்றை ஒப்பிட்டால் சுமார் 3 டெசிபல் இறங்கும், ஆனால் ஓட்டை விழாது. அந்த 3 டெசிபலை மனதில் வைத்துத்தான் கிட்டாரின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

வாசித்தவர் இப்போது இல்லை. இருப்பது ஒரே ஒரு டேக். பிறகு?

அதே பாட்டில் வேறு இடத்தில் அதே கோர்டு வரிசை வந்தால் அங்கிருந்து வெட்டி எடுங்கள். இரண்டாவது வெர்ஸின் வாசிப்பு முதல் வெர்ஸுக்கு டபுளாகப் பொருந்தும். மெட்ரோனோமுக்கு வாசித்திருந்தால் இது பத்து நிமிட வேலை.

முதன்மைக் குரலை விரிக்கலாமா?

மூலக் குரலை விரிக்காதீர்கள். அதைச் சுற்றி விரிக்கலாம். குரல் நடுவில் அப்படியே இருக்க, மைக்ரோ பிட்ச் (சுருதியை மிகச் சிறிதளவு நகர்த்தும் எஃபெக்ட்) ஆக்ஸ் ஒன்றை வையுங்கள்: இடது −8 சென்ட் (இங்கே சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு), 12 மில்லி விநாடி; வலது +8 சென்ட், 18 மில்லி விநாடி. ரிட்டர்ன் (அந்த ஆக்ஸிலிருந்து திரும்பி வரும் ஒலி) குரலை விட 12 முதல் 15 டெசிபல் கீழே. ரிட்டர்னில் 200 ஹெர்ட்ஸ் ஹை பாஸும், 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ‘ஸ்’ ஒலி இரட்டிக்காமல் இருக்க டி-எஸ்ஸரும் போடுங்கள். மியூட் செய்தால்தான் இருந்தது தெரிய வேண்டும். மியூட் எடுத்ததும் "ஆகா" என்று தோன்றினால் அளவு கூடிவிட்டது. 15 சென்ட்டைத் தாண்டினால் சுருதி விலகலாகவே கேட்கும், அதிலும் நீண்ட கார்வைகளில்.

ரிவெர்பை விரிப்பது நல்லதா?

அகலம் கொடுக்க மிகப் பாதுகாப்பான இடம் இதுதான். ரிவெர்பின் இரண்டு சானலும் இயல்பாகவே தொடர்பில்லாதவை. மோனோவில் சற்று இறங்கும், அவ்வளவே. ரிவெர்ப் ரிட்டர்னில் சைடை 2 அல்லது 3 டெசிபல் ஏற்றிப் பாருங்கள். அதோடு மிட்டில் 1 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரை 2 டெசிபல் குறைத்தால் குரலுக்கு நடுவில் வழி பிறக்கும்.

டிரம் ஓவர்ஹெட், ஸ்டீரியோ பியானோ?

ஓவர்ஹெட்டை (டிரம்ஸுக்கு மேலே வைத்த மைக் ஜோடியை) விரிக்கும் முன் ஸ்னேர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மைக்குக்கும் தூரம் சமமாக இல்லையென்றால் வைடனர் அந்தச் சாய்வையும் சேர்த்துப் பெரிதாக்கும். பியானோவைப் பெரும்பாலும் குறுக்கத்தான் வேண்டியிருக்கும். இசைக்குழுவுக்கு நடுவில் மொத்த மேடையையும் அடைக்கும் பியானோ யாருக்கும் உதவாது. விட்த் 60 சதவீதம் என்று வைத்து ஒரு பக்கம் தள்ளுங்கள்.

மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா டிராக்கும் வந்து சேரும் சானலில்) எவ்வளவு விரிக்கலாம்?

சைடில் 1 டெசிபல், மிஞ்சினால் 1.5. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் பிரச்சினை டிராக்குகளில் இருக்கிறது, திரும்பிப் போங்கள். முழு அதிர்வெண்ணையும் ஏற்றுவதை விட, சைடில் 4 அல்லது 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 1 டெசிபல் ஹை ஷெல்ஃப் வைப்பது இயல்பாக இருக்கும். வைடனரை லிமிட்டருக்கு (உச்ச அளவைத் தாண்டாமல் பிடிக்கும் கருவிக்கு) முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் மேலே போட்ட கணக்கின்படி பீக் எகிறி லிமிட்டரின் உழைப்பு வீணாகும். லிமிட்டரில் ஸ்டீரியோ லிங்கை (இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில் குறைக்கும் இணைப்பை) முழுக்க எடுத்துவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடி வாங்கும்போது நடுவில் உள்ள குரல் மறுபக்கம் ஆடும்.

மல்டிபேண்ட் இமேஜரில் ஒவ்வொரு பேண்டுக்கும் (அதிர்வெண் பகுதிக்கும்) வெவ்வேறு எண் வைக்க ஆசை வரும். அடுத்தடுத்த பேண்டுகளுக்கு இடையில் பெரிய தாவல் இருந்தால் பியானோ மேல் சுரத்துக்குப் போகப் போக இடம் மாறும். படிப்படியாக ஏறுங்கள்.

பைபாஸ் செய்து பார்த்தால் வைடனர் போட்டதுதான் எப்போதும் நன்றாக இருக்கிறது. அப்படியே விடலாமா?

சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? சைடை ஏற்றினால் மொத்தச் சத்தமும் ஏறும். ஏறிய எதுவும் முதலில் நன்றாகத்தான் கேட்கும். வைடனரின் அவுட்புட்டைக் குறைத்து, லவுட்னெஸ் மீட்டரில் இரண்டும் 0.1 அலகுக்குள் வரும்படி வைத்துவிட்டு மீண்டும் ஒப்பிடுங்கள். பாதி வைடனர்கள் இந்த இடத்தில் கழன்றுவிடும்.

குரலையும் ஸ்னேரையும் மட்டும் கவனித்தும் ஒருமுறை கேளுங்கள். அவை பின்னால் போயிருந்தால் நீங்கள் விரித்தது ஓரத்தை அல்ல, குறைத்தது நடுவை.

ஹெட்ஃபோனில் அகலமாக இருந்தது, ஸ்பீக்கரில் சுருங்கிவிட்டதே?

ஹெட்ஃபோனில் இடது சானல் இடது காதுக்கு மட்டும் போகிறது. ஸ்பீக்கரில் இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கரையும் கேட்கும், அறையின் எதிரொலியும் சேரும். பேன் முடிவுகளை ஸ்பீக்கரில் எடுங்கள். ஸ்பீக்கரும் நீங்களும் சமபக்க முக்கோணமாக, அதாவது உங்கள் இடத்திலிருந்து இரண்டுக்கும் இடையே 60 டிகிரி இருக்கட்டும். சைடு அளவுக்கு மீறியதைக் கண்டுபிடிக்க மட்டும் ஹெட்ஃபோன்தான் கூர்மை.

பல்லவியில் பாட்டு "திறக்க" வேண்டும். எப்படி?

பல்லவியை விரிப்பதை விட அதற்கு முந்தைய பகுதியைக் குறுக்குவது எளிது. சரணத்தில் இசைக்கருவி பஸ்ஸின் விட்த் 80 சதவீதம், பல்லவி தொடங்கும் அடியில் 100. மாற்றம் ஒரு பீட்டுக்குள் முடியட்டும். டபுள் கிட்டார், பின்னணிக் குரல் போன்ற ஓரத்து டிராக்குகளைப் பல்லவி வரை சேர்த்து வைப்பது அதைவிட வலுவானது. அங்கே ஆட்டோமேஷனே தேவைப்படாது.

எம்பி3 ஆக்கியதும் ஓரங்கள் கலங்குவது ஏன்?

எம்பி3யின் ஜாயின்ட் ஸ்டீரியோ முறை மிட்டையும் சைடையும் தனித்தனியாகக் குறியாக்கும். சைடு சிறிதாக இருந்தால் பிட்டுகள் மிச்சமாகும். எங்கும் சைடு நிரம்பிய மிக்ஸில் அந்த மிச்சம் கிடையாது. 128 கிலோபிட்டில் ஒருமுறை மாற்றி, சிம்பலையும் ரிவெர்ப் வாலையும் கேளுங்கள். நீர்க்குமிழி போல ஒலித்தால் விரித்தது அதிகம்.

எந்தக் கருவியை வாங்குவது?

முதலில் உங்கள் பதிவு மென்பொருளில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். ஏபிள்டனில் யூட்டிலிட்டி இருக்கிறது. விட்த், பேஸ் மோனோ, மோனோ பட்டன் எல்லாம் அதிலேயே உண்டு. லாஜிக்கில் டைரக்‌ஷன் மிக்சர், போலாரிட்டிக்கு கெயின் பிளக்இன். எஃப்எல் ஸ்டூடியோ மிக்சரில் ஒவ்வொரு டிராக்கிலும் ஸ்டீரியோ செப்பரேஷன் நாப் இருக்கிறது. வலது பக்கம் திருப்பினால் குறுகும், இடது பக்கம் திருப்பினால் விரியும். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. இலவசமாக வேண்டுமென்றால் மிட்டையும் சைடையும் தனியாகக் கேட்க வாக்ஸெங்கோ எம்எஸ்இடி, வெக்டர்ஸ்கோப்புடன் ஐஸோடோப் ஓசோன் இமேஜர், மோனோ டிராக்கை விரிக்க பாலிவர்ஸ் வைடர்.

இவற்றில் ஒன்றே ஒன்றுதான் என்றால் சைடைத் தனியாகக் கேட்கவைக்கும் கருவியை எடுங்கள். மிக்ஸின் சைடை மட்டும் சோலோவில் ஒரு நிமிடம் ஓடவிட்டால் கிக்கின் அடி, உலர்ந்த (எஃபெக்ட் சேராத) குரல், சுருதி விலகிய கோரஸ் என்று அங்கே இருக்கக் கூடாதவை எல்லாம் தாமாகவே முன்னால் வந்து நிற்கும்.